இலங்கைக் கடலில் மூழ்குதல்

மூச்சடக்கி மூழ்குவதே இலங்கைக் கடலின் பழைய வழக்கம். முன்பு மன்னாரின் முத்துச்சிப்பிப் படுகைகளில் முத்துக்குளிப்பவர், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து விரைந்து அடியில் இறங்குவார். சிப்பிகளை வலைக்கூடையில் அள்ளியதும் படகிலிருப்பவர் கயிற்றை இழுத்து மேலேற்றுவார்.

காற்றுக் கலனை முதுகில் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறை 1950களில் இங்கு அறிமுகமானது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடன் மூழ்கிய மைக் வில்சனும் 1956-இல், திருகோணமலையில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டனர். 1961-இல் தென்கரைக்கு அப்பாலுள்ள பாறைத்திட்டில் வில்சன் முகலாயர் கால வெள்ளிக்காசுகளைக் கண்டெடுத்தார்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் ஆழமற்ற பவளப்பாறைகள் இன்று புதியவர்களுக்கு உகந்தவை. 1942-இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்பு அருகே மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல், 50 மீட்டருக்கும் கீழே கிடப்பதால், தேர்ந்தவர்களுக்கே உரியது.