சாணைச் சக்கரமும் எஞ்சினும்

கொல்லன் பட்டறையின் உலையையும் துருத்தியையும் சம்மட்டியையும் பாராட்டுவோர் பலர். ஒரு மூலையில் கிடக்கும் சாணையை நினைப்பார் அரியர். அடித்து நீட்டிய இரும்பு கத்தியென்று பெயர் பெறுவது சாணையில் வாய் பெற்ற பின்னரேயாதலின், அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

கூத்தாநல்லூரிலும் அதனைச் சூழ்ந்த வெண்ணாற்றுப் பாசன ஊர்களிலும் பட்டறை வைத்திருக்கும் நம் இளைஞர் சிலர், பயனற்றுக் கிடக்கும் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு தாமே செய்த பட்டைச் சாணையை ஓட்டலாமோ என எம்மை வினவினர். தமிழ் கற்பிப்பார்க்கு எஞ்சினோடு யாது உறவு என்று அன்பர் நகைத்தல் கூடும். உறவு உண்டு. சாணை என்பது வடசொல்லினின்று வந்ததாயினும், அச்சாணைக்கு உயிராகிய குருந்தக் கல்லின் பெயர் தமிழ்ப் பெயரே. ‘கொரண்டம்’ என்று ஆங்கிலேயர் வழங்குவது நம் குருந்தமே என அவர்தம் அகராதிகளும் ஒப்புகின்றன. வயிரத்திற்கு அடுத்த கடினமுடைய இக்கல், பண்டைச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளதுமான சித்தம்பூண்டிப் பக்கத்தில் கிடைப்பது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பார் ஆசியாவின் குருந்தக் கல்லைப்பற்றி இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார். 1891இல் அமெரிக்கராகிய ஆச்சிசன் மின்னுலையில் ஒரு புதுப் பொருளைக் கண்டார். அது கரியும் குருந்தமும் கூடியதெனத் தவறாகக் கருதிக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். கருத்துப் பிழைத்தது, பெயர் நிலைத்தது. 1954இல் சென்னையில் தோன்றிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அச்சொல்லே அமைந்துளது.

நம் முன்னோர் சாணை செய்த முறை வருமாறு: குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கிற் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவே அச்சுக்கோல் செருகி, இரு முளைகளுக்கிடையே நிறுத்துவர். அச்சில் ஒரு தோல் வாரைச் சுற்றி, எதிரே அமர்ந்த ஒருவன் அதன் இரு தலைப்பையும் மாறி மாறி இழுப்பான். சக்கரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். தனக்கு இசைந்த பக்கம் சுழலும்போது மட்டும் கொல்லன் கத்தியை அழுத்துவான். மறுபக்கம் சுழலுங்கால் வாளா இருப்பான். எனவே வார் இழுப்பவனது உழைப்பிற் பாதி வீணே கழியும். அவ்வாரை இழுக்க ஒரு சிறுவனை உட்கார்த்துவதும் உண்டு. அவன் பள்ளியில் இருக்கவேண்டிய பொழுது வாரின் முனையிற் கழிந்தது. தெருத்தோறும் வரும் சாணைக்காரர் காலால் மிதிக்கும் சக்கரத்தைக் கொண்டபோது இரண்டாம் ஆளும் ஒழிந்தான். சுழற்சியும் ஒரு பக்கமாயிற்று. ஆயினும் மனிதன் ஒருவன் நெடுநேரம் இடையறாது தரவல்லது ஏறத்தாழக் குதிரைத்திறனிற் பத்திலொரு பங்கே.

இனி எஞ்சினுக்கு வருவோம். செருமானியராகிய ஆட்டோ நான்கடி எஞ்சினை 1876இல் இயக்கிக் காட்டினார். குமிழை விளக்கினாற் காய்ச்சிக் கிளப்பும் ஆரன்சுபி எண்ணெய் எஞ்சின் 1892இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஆல்பிரெடு சாட்டர்ட்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெய் எஞ்சினால் நீர் இறைக்கும் முறையை இம்மாகாணத்திற் பரப்ப மிக உழைத்தார். தஞ்சைத் தரணியில் எஞ்சின் வேரூன்றியது நெல் அரைவை ஆலைகளின் வாயிலாக. அதனால் நெல் குத்திப் பிழைத்த மகளிர் பிழைப்பிழந்தது தனியே எழுதத்தக்க துயர வரலாறு.

அவ்வாலைகளில் எஞ்சினுக்கும் அரைவைப் பொறிக்கும் இடையே ஓடியது அகன்ற பெல்ட்டு. எஞ்சினை நிறுத்தாமலே பொறியை நிறுத்தற்கு இரண்டு சக்கரங்களை அருகருகே வைத்திருந்தனர்: ஒன்று அச்சோடு பிணைந்தது, மற்றொன்று அச்சின்மேற் சும்மா சுழல்வது. ஒரு கோலால் பெல்ட்டைத் தள்ளிச் சும்மா சுழல்வதன்மேல் ஏற்றினால் பொறி நிற்கும். நம் இளைஞர் வினாவிற்கு விடை இதிலேயே உளது. பெட்ரோல் எஞ்சின் சுமையோடு கிளம்பாது. ஆதலின் கிளம்பும்போது பெல்ட்டுத் தளர்ந்திருத்தல் வேண்டும். வேகம் ஏறிய பின்னரே அதனை இறுக்குதல் வேண்டும்.

பட்டைச் சாணையிலோ கற்பொடி ஒட்டிய பட்டையே சக்கரங்களின்மேல் ஓடுகிறது. அன்று வார் கல்லைச் சுழற்றிற்று. இன்று வாரே கல்லாயிற்று. இதன் விரைவு நாம் அஞ்சத்தக்கது. சிறு பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 3,600 சுற்றுச் சுற்றுவது. அதே விரைவில் 4 அங்குல விட்டமுள்ள சக்கரம் பட்டையை ஓட்டுமாயின், பட்டை நிமிடத்திற்கு 3,700 அடிக்கு மேல் ஓடும். கத்தியை உருவாக்கற்கு இது தகும். துவைச்சல் வைத்த கத்திக்கு வாய் தீட்ட இது மிகை. கையால் இழுத்த சாணை கத்தியைச் சுட்டதில்லை. இது நொடியிற் சுடும். வைக்கோல் நிறம் தோன்றும்போதே நீரில் தோய்த்தல் வேண்டும். நீலம் பாரித்ததாயின் வாய் மெலிந்தது. மீண்டும் உலைக்கே போதல் வேண்டும். எஞ்சினிற் சிறிய சக்கரமும் சாணையில் அதனினும் இருமடங்கு பெரிய சக்கரமும் பூட்டினால் விரைவு பாதியாகும்.

சாணைப் பொறியும் பெட்ரோல் ஆவியும் அண்மையில் இருத்தல் ஆகாது. எஞ்சினைப் பட்டறைக்கு வெளியே, பொறி தெறிக்கும் திசைக்கு மாறாக நிறுத்தி, நீண்ட பெல்ட்டால் இணைத்தல் நன்று. எஞ்சின் புகையிலுள்ள நச்சுக்காற்று மணமற்றது. மூடிய கொட்டகையில் ஆளைக் கொல்லும்.

மின்மோட்டார் மலிந்த இக்காலத்தில் இத்தொல்லை ஏன் என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கசாப் புயல் வேதாரணியம் பக்கத்திற் கரையேறியபோது, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னைகள் எண்ணிறந்தன சாய்ந்தன; மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் பல நாள் இருளில் இருந்தன. வீட்டுக்கு வீடு மரம் வெட்ட அரிவாளும் கோடரியும் வேண்டியிருந்த அந்நாட்களில், மின்சாரத்தையே நம்பிய சாணைகள் ஓடவில்லை.

கருக்கரிவாளுக்கு மட்டும் இப்பட்டைச் சாணை உதவாது. அதன் பற்களை உளியால் ஒவ்வொன்றாகக் கொத்தியே எடுத்தல் வேண்டும். அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியபின், கருக்குக் கொத்தத் தருவாரும் குறைந்துவிட்டனர்.