சாறனுக்கு அளவு இல்லை: வாவிக்கரை முஸ்லிம்களின் உடுப்பும் உடலும் – சில வரலாற்றுக் குறிப்புகள்

சாறன் வாங்கப் போகிறவரிடம் எந்தக் கடைக்காரரும் இடுப்பளவு கேட்பதில்லை. நிறத்தைக் கேட்பார், கட்டம் பெரியதா சிறியதா என்று கேட்பார், விலையைச் சொல்வார். அவ்வளவுதான். அதே கடையின் மறுபக்கத்தில் காற்சட்டை வாங்க நிற்பவரின் இடுப்பில் அளவு நாடா விழுகிறது. 'உங்கட அளவில இல்ல' என்ற பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பெருநாளுக்கு முந்திய நாட்களில் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ கல்முனையிலோ துணிக்கடையொன்றில் நின்று பார்த்தால் இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு விளங்கும். உடலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது ஓர் உடுப்பு. உடலைத் தனக்கேற்ப மாறச் சொல்வது இன்னோர் உடுப்பு. வாவிக்கரை முஸ்லிம்களின் கடந்த ஒரு நூற்றாண்டு உடுப்பு வரலாற்றை, முன்னையதிலிருந்து பின்னையதற்கு வந்த கதையாகவும் வாசிக்கலாம்.

சாறன் என்ற சொல் மலாய் மொழியின் 'சாரோங்' என்பதிலிருந்து வந்தது. உறை என்பது அதன் பொருள். நம்மூர்ச் சந்தைகளில் கட்டம்போட்ட சாறனைப் பளையகாட் என்பார்கள். அது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயர் திரிந்த வடிவம். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர்தாம் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். சோழமண்டலக் கரையின் துணியை வாங்கி, கீழைத்தேயத் தீவுகளில் விற்று, அங்கிருந்து வாசனைத் திரவியம் கொள்வது அவர்களது வாணிபம். இந்தக் கடல்வழிகளில் அவர்களுக்கு முன்னரே முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். ஆகவே தமிழகக் கரையின் பெயரும் மலாய்ச் சொல்லும் நமது இடுப்பில் ஒன்றாகச் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை.

போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 1626இல் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பும் இங்கு முஸ்லிம்கள் இருந்தனர். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாகப் படுவான்கரை. வீடு இந்தக் கரையில், வயல் அந்தக் கரையில் என்பது பல முஸ்லிம் குடும்பங்களின் வாழ்க்கை முறையாயிற்று. தோணி வலித்து அக்கரை சேர்வது, சேற்றில் உழுவது, கதிர் வெட்டுவது, சூடு மிதிப்பது, நெல் மூடையைத் தோளில் ஏற்றுவது என்று அந்த வாழ்க்கை முழுவதும் உடம்பால் நடந்தது.

அந்த உடம்புக்குச் சாறன் ஏன் பொருந்தியது என்பதைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். தறியில் சுமார் இரண்டு மீற்றர் நீளத்துக்கு நெய்த துணியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் சாறன். தறியின் அகலம்தான் உடுப்பவரின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையான உயரம். இடுப்பில் மிஞ்சுகிற துணி முன்பக்கம் மடிப்பாகிறது. மெலிந்தவருக்கு மடிப்பு அகலம், பருத்தவருக்கு மடிப்பு ஒடுக்கம். இருபது வயதில் வாங்கிய சாறனை நாற்பதிலும் உடுக்கலாம். தொழுகைக்குக் கணுக்காலுக்கு மேலே, வயலில் முழங்காலுக்கு மேலே சண்டிக்கட்டு, மீன்பிடியில் இன்னும் உயரே என்று ஒரே துணி வேலைக்கேற்ப உயரும், தாழும். ஆனால் சாறனும் எல்லாவற்றையும் மறைப்பதில்லை. கட்டங்களின் நேர்கோடு வயிற்றில் வளைந்தால் வண்டி வைத்திருப்பது தெருவுக்கே தெரியும். நிமிர்ந்து நடப்பவரில் அதே கோடு நேராக நிற்கும். நமது மூத்தவர்கள் உடுத்த சாறன் அழகாக இருந்ததென்றால் அதற்குப் பாதிக் காரணம் துணி, பாதிக் காரணம் முதுகும் நடையும்.

மருதமுனை என்றால் இலக்கிய வாசகர்களுக்குப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் நினைவுக்கு வருவார். சந்தைக்குப் போகிறவர்களுக்கு அவ்வூர்ச் சாறன் நினைவுக்கு வரும். வாவியின் தென்முனையை அண்டிய மருதமுனையும் வடபகுதியில் உள்ள காத்தான்குடியும் கைத்தறி நெசவால் பெயர்பெற்ற ஊர்கள். நெசவும் ஓர் உடல்வேலைதான். இரண்டு கால்களும் மாறிமாறி மிதிகட்டையை மிதிக்க, ஒரு கை நாடாவை ஓட்ட, மறு கை ஊடையை அடித்து இறுக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் நூல் சுற்றிக் கொடுத்தார்கள், பலர் தறியிலும் இருந்தார்கள். ஊருக்கே அழகான உடுப்பைக் கொடுத்த நெசவாளியின் முதுகு கூனிப்போனதும் உண்டு. நாள் முழுதும் குனிந்திருப்பதன் விலை அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய நிழற்படங்களைக் காட்டி, 'அந்தக் காலத்து மனிசரைப் பாருங்கள், ஒருத்தருக்காவது வண்டி இருக்கா' என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த மெலிவு எல்லாம் உழைப்பால் வந்ததல்ல. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கை முழுவதிலும் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டது. வரண்ட வலயமான கிழக்கிலோ மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. 1946இல் டீ.டீ.ரீ. தெளிப்பு நாடெங்கும் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. பசியும் காய்ச்சலும் உருக்கிய உடலையும் உழைப்பு உருவாக்கிய உடலையும் ஒரே படத்தில் வேறு பிரித்துக் காண்பது கடினம். அதனால்தான் அன்றைய சமூகத்தில் வண்டி செல்வத்தின் அடையாளமாக இருந்தது. வெள்ளைச் சாறனும் கோட்டும் அகலத் தோல்வாரும் தரித்த போடியாரின் பருமனை யாரும் குறை சொல்லவில்லை. அது நெல் நிறைந்த வீட்டின் அறிவித்தல்.

உடலை வேண்டுமென்றே பயிற்றிய மரபும் நம்மிடம் இருந்தது. சீனடி, சிலம்பம், வாள்வீச்சு, பொல்லடி என்பன வாவிக்கரை முஸ்லிம் ஊர்களின் கலைகள். கல்யாண ஊர்வலங்களிலும் பெருநாட்களிலும் அவை அரங்கேறின. பொல்லடிக் குழுவை நடத்துபவர் அண்ணாவியார். சாறன், பனியன், தலையில் ஒரு லேஞ்சி என்பதே ஆட்டக்காரரின் உடுப்பு. விலையுயர்ந்தது எதுவும் அதில் இல்லை. ஆனால் கோல்கள் ஒன்றோடொன்று மோத, அந்தப் பதினைந்து இருபது பேரும் ஒரே தாளத்தில் குனிந்து நிமிரும்போது அந்த எளிய துணிக்கு ஒரு கம்பீரம் வந்தது. உடற்பயிற்சி உடுப்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இக்கலைகளை வீண் விளையாட்டு என்று ஒதுக்கியபோது நாம் இழந்தது ஆட்டத்தை மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளுக்கான ஊர்ப் பயிற்சிக்கூடத்தையும்தான்.

நமது உடலும் உடுப்பும் அரசியலுக்குள் இழுக்கப்பட்ட வரலாறு தனி. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஆற்றிய உரையில் மொழி, வழக்கங்கள் என்பவற்றோடு உடற்தோற்றத்தையும் சான்றாக வைத்து, சோனகர் தமிழரே என்று வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பெழுதினார். இடையில் தொப்பிப் பிரச்சினை எழுந்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1901 வரை இங்கிருந்தார். அவரும் அவருடைய தோழர்களும் அணிந்த துருக்கித் தொப்பியும் ஐரோப்பியக் காற்சட்டையும் கொழும்பு, கண்டி முஸ்லிம் பிரமுகர்களைக் கவர்ந்தன. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர்நீதிமன்றத்தில் தோன்றியதைப் பிரதம நீதியரசர் லேயார்ட் ஆட்சேபித்தார். அவ்வாண்டு டிசம்பர் 31ஆந் திகதி மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் கூடிய பெருங்கூட்டம் அந்த ஆட்சேபனையை எதிர்த்தது. ஈற்றில் தொப்பி வென்றது. ஓர் உடுப்பு ஒரு சமூகத்தின் மானமாக மாறும் கணத்தில், அது அணிபவரின் உடம்புக்குச் சௌகரியமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு பலமுறை அப்படியே நடந்திருக்கிறது.

கைத்தறிக்கு நல்ல காலம் 1970–77 ஆண்டுகள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உள்ளூர்த் துணிக்குச் சந்தை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வளைகுடாவுக்குப் போனவர்கள் ஜுப்பாவும் அபாயாவும் கொண்டுவந்தார்கள். 1990இல் யுத்தம் நம் ஊர்களுக்குள் புகுந்தது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் அடுத்த வாரம் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின்னர் படுவான்கரை வயல்களுக்குப் போக முடியாத நிலை பல முஸ்லிம் விவசாயிகளுக்கு ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தோணி வலித்த கைகள் கடைக் கல்லாவில் அமர்ந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனைக் கரையில் மிஞ்சியிருந்த தறிகளிலும் கைவைத்தது. வயலும் தறியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விட்டுப்போனபோது, உடலை உருவாக்கிய வேலையும் போயிற்று. சாப்பாட்டின் அளவு மட்டும் வயற்காரனுடையதாகவே இருந்தது. இன்று நம் ஊர்களில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருப்பதன் வரலாற்றுப் பின்னணியில் இதுவும் ஒன்று.

இதே காலத்தில்தான் ஆயத்த ஆடையும் வந்தது. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1939–40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து, 1941இல் வெளியிட்ட ஆய்வு பெண்களின் ஆயத்த ஆடை அளவுகளுக்கான முன்னோடிகளுள் ஒன்று. அதன் முடிவுகளில் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் சேர்க்கப்படவே இல்லை. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பிறகு நமது நாட்டின் கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஏற்றுமதிக்காகத் தைத்த காற்சட்டைகளும் பிறநாட்டார் உடலளவுக்கு வெட்டப்பட்டவையே. அவற்றின் மிச்சம் நமது கடைக்கு வந்து, நமது இடுப்பில் ஏறாதபோது, நாம் துணியைக் குறை சொல்வதில்லை. நமது உடம்பைக் குறை சொல்கிறோம். கண்ணாடி முன் நின்று வெட்கப்படும் இளைஞனுக்கும் யுவதிக்கும் இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

பெண்களின் கதையை இன்னும் கவனமாகப் பேச வேண்டும். சேலைத் தலைப்பால் முக்காடிட்ட நமது உம்மாமார் நெல் குத்தினார்கள், நூல் சுற்றினார்கள், பாய் இழைத்தார்கள். அபாயா வந்தபோது அதற்குள் பருமனும் மெலிவும் ஒன்றாயின. சாறனைப் போலவே அதுவும் அளவு கேட்காத உடுப்பு. பல பெண்கள் அதை விரும்பியதற்கு மார்க்கப் பற்றோடு இந்த நிம்மதியும் ஒரு காரணம். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலின் பின்னர் முகத்திரை அவசரகாலச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டபோது, முகம் திறந்த அபாயாவையே தெருவில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். உடுப்பைக் காப்பாற்றும் போராட்டத்தில் நாம் மும்முரமாக இருந்தோம். உடுப்புக்குள் இருக்கும் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அதிக எடை இலங்கையில் ஆண்களைவிடப் பெண்களிடையே கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊர்களிலோ அதிகாலையில் வாவிக்கரையில் ஆண்கள் கைவீசி நடக்கிறார்கள். ஒரு பெண் அப்படி நடந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்போர் அபூதாவூதில் பதிவான ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். பயணமொன்றில் ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி முந்தினார்கள். பின்னர் உடல் சற்றுப் பருத்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, இது அதற்குப் பதில் என்று நகைச்சுவையாகச் சொன்னார்கள். உடல் மாறியதை ஆயிஷா (ரழி) அவர்களே வெட்கமின்றிச் சொல்கிறார்கள். பருத்த பிறகும் ஓடினார்கள். கணவர் கேலியாகப் பேசினாலும் அதில் இகழ்ச்சி இல்லை. பலமுள்ள முஃமின் இறைவனுக்கு மிக உவப்பானவர், எனினும் இருவரிலும் நன்மை உண்டு என்ற கருத்துடைய ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. பலத்தைப் போற்றும்போதே பலவீனரைத் தள்ளிவிடாத பேச்சு அது. நல்ல உடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகாது என்பதும் நபிமொழிதான்.

ஹஜ்ஜுக்குப் போகும் ஆண் தைக்காத இரண்டு துண்டுகளை உடுக்கிறான். போடியாரின் வயிறும் கூலிக்காரனின் விலா எலும்பும் அங்கே ஒரே துணிக்குள் இருக்கின்றன. யாருடைய உடம்பு அழகு என்று அங்கு யாரும் கேட்பதில்லை. ஆனால் தவாபையும் சஃயையும் நடந்து முடிக்க உடலில் தெம்பு வேண்டும். நமது மூத்தவர்களின் சாறன் அழகில் இருந்த இரகசியமும் இதுதான். அவர்கள் உடுப்புக்காக உடம்பை வளர்க்கவில்லை. வேலைக்கு உடம்பு வேண்டியிருந்தது, உடுப்பு அதற்கு இடம் கொடுத்தது.

அந்த வேலைகள் எல்லாம் திரும்பி வரப்போவதில்லை. அவற்றின் வறுமை திரும்பவும் கூடாது. ஆனால் ஒன்றிரண்டு காரியங்கள் நமது கைக்கு எட்டும். மருதமுனையில் இன்னும் இயங்கும் தறிகளின் சாறனைப் பெருநாளுக்கு வாங்கலாம். பொல்லடியையும் சீனடியையும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். வாவிக்கரையில் பெண்கள் அச்சமின்றி நடக்க ஒரு மணி நேரத்தையும் ஒரு பாதையையும் பள்ளிவாசல் நிருவாகங்களும் நகரசபைகளும் ஒதுக்கலாம். நடந்து நிமிர்ந்த உடம்பில் சாறனும் நன்றாக இருக்கும், சேலையும் நன்றாக இருக்கும், அபாயாவும் நன்றாகவே இருக்கும்.