பேட்டரிக் கட்டையின் பூர்வீகம்

தாத்தாவின் டார்ச் லைட் மங்கத் தொடங்கினால் உள்ளேயிருந்த மூன்று பேட்டரிக் கட்டைகளும் மொட்டைமாடி வெயிலுக்குப் போய்விடும். சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் இரண்டொரு நாள் ஓடும். அதற்கும் மசியாத கட்டை பிள்ளைகள் கைக்கு வரும். கல்லால் தட்டி உடைப்போம். உறையைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தகரக் குவளை, அதற்குள் ஈரம் காயாத கரும்பொடி, நடுவே தலையில் தொப்பி வைத்த கரிக்குச்சி. அந்தக் குச்சியால் சுவரில் எழுதி அடி வாங்கியிருக்கிறேன். தகரம் என்று நினைத்தது துத்தநாகம் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் துத்தநாகத்தின் பின்னாலேயே போனால் இத்தாலியில் ஒரு தவளையின் காலில் போய் நிற்போம்.

போலோன்யா நகரில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த லூயிஜி கால்வானி, பித்தளைக் கொக்கியில் மாட்டிய செத்த தவளையின் கால் இரும்பில் பட்டதும் துள்ளுவதைக் கண்டார். உயிருள்ளவற்றின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகத்தில் இருந்த அலெஸாண்ட்ரோ வோல்டா முதலில் அதை ஒப்புக்கொண்டார், பிறகு சந்தேகப்பட்டார். வெள்ளீயத்தையும் வெள்ளியையும் நாக்கில் வைத்துச் சேர்த்தால் புளிப்புத் தட்டுகிறதே, இங்கே தவளை எங்கிருந்து வந்தது? இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது என்பது அவர் கட்சி. வருடக்கணக்கில் வாதம் நடந்தது. இதற்கிடையில் நெப்போலியன் அமைத்த குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த கால்வானி வேலையை இழந்து, 1798 டிசம்பரில் இறந்துபோனார். அந்த வாதத்தில் விளைந்ததை அவர் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது.

1800 மார்ச் 20ஆம் தேதி, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வோல்டா ஒரு கடிதம் எழுதினார். ஒரு வெள்ளி வில்லை, அதன்மேல் ஒரு துத்தநாக வில்லை, மேலே உப்புநீரில் ஊறிய அட்டை. மறுபடியும் வெள்ளி, துத்தநாகம், ஈர அட்டை. இப்படியே அடுக்கிக்கொண்டு போய், அடியையும் உச்சியையும் இரண்டு கைகளால் தொட்டால் அதிர்ச்சி. விட்டுவிட்டுத் தொட்டாலும் அதிர்ச்சி. அதுவரை மனிதனுக்குத் தெரிந்த மின்சாரம், தேய்த்து உண்டாக்கி லைடன் ஜாடியில் பிடித்துவைத்து, ஒரே பொறியில் தீர்ந்துபோவது. ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரம் முதன்முதலில் இந்த அடுக்கில்தான் கிடைத்தது. இதற்கு வோல்டா வைத்த பெயர் ‘செயற்கை மின் உறுப்பு’. மின்திருக்கை மீனின் உடம்பிலுள்ள உறுப்போடு ஒப்பிட்டு வைத்த பெயர். கால்வானியின் பிராணி பெயரிலாவது திரும்பி வந்தது.

அதே ஆண்டு லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் இந்த அடுக்கால் தண்ணீரைப் பிரித்தார்கள். 1807இல் டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1820இல் மின்கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதை ஏர்ஸ்டெட் கண்டதும் இதே மின்சாரத்தால்தான். தந்தி, மோட்டார் எல்லாம் அந்த முள்ளுக்குப் பிறகு வந்தவை.

ஆனால் வோல்டாவும் ஒன்றைத் தவறவிட்டார். உலோகங்கள் தொட்டாலே போதும், மின்சாரம் செலவில்லாமல் வரும் என்று நம்பினார். துத்தநாகம் அரிபடுவது அவர் கண்ணில் படாமல் இல்லை. அதை ஒரு குறையாக மட்டுமே எடுத்துக்கொண்டார். உண்மையில் அந்த அரிப்புதான் மின்சாரத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

1866இல் பிரெஞ்சுக்காரரான லெக்லான்ஷே செய்த கலம் கண்ணாடி ஜாடியில் இருந்தது: நவச்சாரக் கரைசல், துத்தநாகக் கம்பி, மாங்கனீஸ் டை ஆக்சைடு சூழ்ந்த கரி. தந்திக்கும் அழைப்பு மணிக்கும் உதவியது, ஆனால் சாய்த்தால் கொட்டிவிடும். இருபது வருடம் கழித்து ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் நவச்சாரத்தைப் பாரிஸ் சாந்தில் கலந்து கெட்டியாக்கினார். துத்தநாகத்தையே குவளையாக்கி எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தார். பானையே விறகாக எரிகிற அடுப்பு மாதிரியான யோசனை இது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கலம் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் கொட்டாது என்றான பிறகுதான் மின்சாரம் மனிதன் கையில் டார்ச்சாகவும், பின்னாளில் தோளில் டிரான்சிஸ்டர் ரேடியோவாகவும் நடக்க ஆரம்பித்தது.

வெயிலில் வைத்தால் ஏன் பிழைக்கிறது? மின்சாரம் எடுக்க எடுக்க, உள்ளே உண்டாகும் கழிவுகள் கரியைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். ஓய்வும் சூடும் கிடைத்தால் அவை கொஞ்சம் விலகி வழிவிடும். கரைந்த துத்தநாகம் மட்டும் திரும்பி வராது.

தாத்தா போன பிறகு பரணில் கிடந்த அந்த டார்ச்சைத் திறந்து பார்த்தேன். இரண்டு கட்டைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. மூன்றாவது உள்ளேயே பிடித்துக்கொண்டது. குச்சியால் நெம்பி எடுத்தபோது ஸ்பிரிங்கில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. உறையை உரித்தேன். துத்தநாகக் குவளை காகிதம்போல மெலிந்து, பல இடங்களில் ஓட்டையாகி, அதன் வழியாகக் கரும்பொடி எட்டிப் பார்த்தது.