முடங்கிய கைக்கு மதிப்பெண்

பக்கவாதத்தால் முடங்கிய கையும் காலும் மீண்டும் இயங்கத் தொடங்கினால், அம்முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பது? "நேற்றைக்கு இன்று தேவலை" என்பது உற்றார்க்கு ஆறுதல் தரும். மருத்துவத்துக்கு அது போதாது.

1943ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட கையேடு, தசையின் வலிமைக்கு 0 முதல் 5 வரை எண் வழங்கியது. ஆனால், அது கைகால் நரம்புகளில் காயமுற்றோரைக் கருதி எழுந்தது. பக்கவாதத்தில் பழுது மூளையில் அன்றோ உள்ளது! தோளை உயர்த்த முயன்றால் முழங்கையும் கூடவே மடங்கிவிடும். வலிமையை மட்டும் அளந்தால் இக்குறை புலப்படாது.

1951இல் அமெரிக்க மருத்துவர் டுவிட்சல், 121 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதற்கு வழிகாட்டியது. மீட்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதே அவர் கண்டது. முதலில் அனிச்சைச் செயல் திரும்பும். பின்பு தசை இறுகும். அடுத்து மூட்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து அசையும். இறுதியில் தனித்தனியே இயங்கும். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன்முறை வல்லுநர் சிக்னி புருன்ஸ்ட்ரோம் அம்மையார், இவ்வொழுங்கை ஆறு படிகளாக வகுத்து, அவற்றைச் சோதிக்கும் முறையை 1966இல் வெளியிட்டார்.

இதற்கிடையே, 1965இல் மகோனி, பார்த்தெல் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். உண்ணல், உடுத்தல், நடத்தல் முதலிய பத்துச் செயல்களுக்கு 100 மதிப்பெண். இது பயனுள்ளதே. ஆயினும், நல்ல கையொன்றாலேயே உண்டு உடுக்கப் பழகியவர் நிறைந்த மதிப்பெண் பெறலாம். முடங்கிய கை முடங்கியபடியே இருக்கும்.

அக்கையையே நேராகச் சோதிக்கும் முறையை 1975இல் சுவீடனின் பூகிள்-மேயரும் அவருடன் உழைத்தோரும் அமைத்தனர். டுவிட்சலும் புருன்ஸ்ட்ரோமும் காட்டிய ஒழுங்கே அதன் அடிப்படை. அசைவு இல்லையேல் 0, அரைகுறையாயின் 1, முழுமையாயின் 2. கைக்கு 66, காலுக்கு 34, ஆக 100.

மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு மாணவனை எடைபோடும் தேர்வு ஒன்று. எந்தப் பாடம் வந்தது, எது வரவில்லை என்று காட்டும் தேர்வு மற்றொன்று. பூகிள்-மேயர் முறை இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதற்கும் எல்லை உண்டு: ஏறக்குறைய முற்றும் தேறியவரிடம் எஞ்சும் நுண்ணிய தடுமாற்றம் அதில் எளிதில் அகப்படாது. எனினும், இன்றும் உலகெங்கும் பக்கவாத ஆய்வுகளில் அது வழங்கி வருகிறது.

விரல் மடக்கும் முயற்சி 0இலிருந்து 1க்கு உயர்வதை வீட்டார் கவனிக்கமாட்டார். அக்கையால் ஒரு குவளையைக்கூட இன்னும் எடுக்க இயலாது. ஆனால், அந்த 1 பதிவாகிவிட்டால், "இனி இந்தக் கை உதவாது" என்று எவரும் எளிதில் கைவிட இயலாது.