சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறதா? சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பெரிய கம்பெனி எதுவும் கிடைக்கலையா?"

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் வீட்டில் இப்படிக் கேட்டிருக்கலாம். கவலை வேண்டாம். சிங்கப்பூரில் உள்ள நிறுவனங்களில் சுமார் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள்தான். ஊழியர்களில் 10இல் ஏறக்குறைய 7 பேர் அவற்றில்தான் வேலை செய்கின்றனர்.

பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உள்ள இடத்தில் வேலை எப்படி இருக்கும்?

சாதகங்கள்

- பல வேலைகளைக் கற்கலாம். காலையில் வாடிக்கையாளர், மதியம் கணக்கு, மாலையில் சரக்கு. ஈராண்டில் ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பது முழுதாகப் புரிந்துவிடும்.

- முடிவுகள் சீக்கிரம் கிடைக்கும். யோசனை இருந்தால் நேராக முதலாளியிடமே சொல்லலாம்.

- உங்கள் உழைப்பு கண்ணில் படும். யார் என்ன செய்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பாதகங்கள்

- ஒருவர் விடுப்பில் போனால் அவர் வேலை உங்கள் தலையில் விழும்.

- மேலே போகப் படிகள் குறைவு. மேலாளர் விலகினால்தான் அந்த இடம் காலியாகும்.

- மனிதவளப் பிரிவு இருக்காது. முதலாளிமீது குறை இருந்தால் அவரிடமே சொல்ல வேண்டிய நிலை.

- கையில் ரொக்கம் குறைவு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தரத் தாமதித்தால் உங்கள் சம்பளமும் தள்ளிப்போகலாம்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்"

சிறிய நிறுவனங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உங்கள் வீட்டில் துக்கம் என்றால் முதலாளியே வந்து நிற்பார். அதே முதலாளி, "இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம், அடுத்த வாரம் போட்டுடறேன்" என்றால் "சரி" என்றுதான் வாய் வரும்.

பாசம் வேறு, சம்பளம் வேறு. வேலை நியமனச் சட்டம் பெரும்பாலான ஊழியர்களுக்குப் பொருந்தும். நிறுவனத்தில் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் அப்படித்தான்.

- சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும்.

- விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும்.

- முக்கிய வேலை நிபந்தனைகளை, வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

- 3 மாதம் வேலை செய்திருந்தால் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. முதல் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதிச் சந்தாவையும் முதலாளி கட்டாயம் செலுத்த வேண்டும்.

சிறிய நிறுவனங்களுக்கு விலக்கே இல்லையா?

சிலவற்றில் உண்டு. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் பொருந்தாது. ஆனால் நியாயமான வேலை நியமனம் குறித்த முத்தரப்பு வழிகாட்டிகளை அந்த நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்கலாம்?

- எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் ஏன் விலகினார்?

- சம்பளம் எந்தத் தேதியில் வரும்?

- நான் விடுப்பில் போனால் என் வேலையை யார் பார்ப்பார்?

கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல முதலாளி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சம்பளம் வரவில்லை என்றால்?

முதலில் பேசிப் பாருங்கள். பேசியதைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ பதிவுசெய்யுங்கள். சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மத்திய சேமநிதிக் கணக்கையும் மாதந்தோறும் பாருங்கள். சம்பளம் வந்தும் சந்தா வராமல் இருக்கக்கூடும்.

தீர்வு கிடைக்காவிட்டால் சம்பளச் சர்ச்சைகளைக் கையாளும் முத்தரப்புக் கூட்டணியை நாடலாம். வேலையில் இருப்பவர்கள், சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவர்களுக்கு, கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம்.

"பாவம், அவரே கஷ்டத்துல இருக்கார்" என்று மாதக்கணக்கில் காத்திருந்தால், கேட்கும் உரிமையே கைநழுவிப் போகலாம். முதலாளிக்கு அவகாசம் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு கொடுங்கள்.