கையால் பிடித்திருத்தல்

பொறியியல் துறையில் அதிகம் தேய்ந்துபோன வினைச்சொல் எது என்று கேட்டால் 'மெயின்டெயின்' என்பேன். பம்ப்பை மெயின்டெயின் பண்ணணும், பிரஷரை மெயின்டெயின் பண்ணணும், ரெக்கார்டையும் மெயின்டெயின் பண்ணணும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தபோதும் சரி, இப்போது ஆலையில் வேலை பார்க்கும்போதும் சரி, ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு கை இருக்கிறது.

லத்தீனில் 'மானு' என்றால் கையால். 'தெனேரே' என்றால் பிடித்திருத்தல். இரண்டும் பிரெஞ்சு மொழியில் ஒட்டிக்கொண்டு, நார்மன்காரர்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. 'சஸ்டெயின்' அதன் உடன்பிறப்பு, கீழிருந்து பிடிப்பது. 'கன்டினியூ'வும் அதே குடும்பம்தான். விட்டுப்போகாமல் சேர்த்துப் பிடிப்பது. நாம் 'கைவிட்டான்' என்கிறோமே, அதற்கு நேர் எதிரான செயல்.

சரி, யாருடைய கை?

இடைக்கால இங்கிலாந்தில் 'மெயின்டெனன்ஸ்' ஒரு குற்றத்தின் பெயர். நிஜமாகத்தான். பிரபுக்கள் தங்கள் ஆட்களுக்குச் சின்னம் பொறித்த உடை கொடுத்துக் கூடவே வைத்திருப்பார்கள். அந்த ஆளுக்கு ஒரு நிலத்தகராறு வந்தால் பிரபு அவனுக்காக வழக்கில் மூக்கை நுழைப்பார். நீதிமன்றத்துக்கு ஒரு கூட்டமே வந்து நிற்கும். ஜூரிகள் அந்த உடைகளைப் பார்த்துவிட்டு யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஒருவர் வழக்கின் ஒரு தரப்பைத் தூக்கிப் பிடிக்கிறார் இல்லையா, அந்தப் பிடிதான் 'மெயின்டெனன்ஸ்'. ஜெயித்த சொத்தில் பங்கு என்று பேசிக்கொண்டு பிடித்தால் அதற்குத் தனிப் பெயர், 'சாம்பர்ட்டி'. 1275லேயே அரசு அதிகாரிகள் இதைச் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1390இல் இரண்டாம் ரிச்சர்டு காலத்தில் யார் யாருக்கு உடை கொடுக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு வந்தது. இதற்கு நடுவே 1362இல், நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று ஒரு சட்டம். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது!

இந்தக் குற்றம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நீங்கியது 1967இல். நம் பக்கத்தில் சிங்கப்பூர் 2017இல்தான், அடுத்தவர் வழக்கில் இப்படித் தலையிட்டால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்ற பழைய விதியை நீக்கியது. மலேசியாவில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் தலைப்பிலும் 'மெயின்டெனன்ஸ்' உண்டு. அங்கே அதற்கு ஜீவனாம்சம் என்று பொருள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டியது. பிரபுவோ கணவனோ, இந்தச் சொல்லின் எழுவாய் எப்போதும் பணமும் பலமும் உள்ளவர்தான்.

இயந்திரத்துக்கு வந்ததும் அது தலைகீழாகிவிட்டது. இப்போது பிடிக்கிற கை கிரீஸ் படிந்த கை. பெரும்பாலும் குத்தகைத் தொழிலாளியின் கை. இங்கே பல இடங்களில் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்த ஒருவருடையது. கை மாறிய கையோடு எழுவாயும் காணாமல் போனது. நாங்கள் நிரப்பும் படிவத்தில் வாக்கியம் செயப்பாட்டு வினையில்தான் இருக்கும்: 'பம்ப் பராமரிக்கப்பட்டது.' தேதிக்குக் கட்டம் உண்டு, உதிரிபாக எண்ணுக்குக் கட்டம் உண்டு, கையெழுத்து என்னுடையது. பேரிங்கை மாற்றியவருக்குக் கட்டம் இல்லை. இதை இலக்கணப் பிரச்சினை என்று மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒரு பிரபு பிடித்தால் சட்டப் புத்தகத்தில் ஏறுகிற வினை, ஒரு தொழிலாளி பிடித்தால் ஏன் ஆளில்லாமல் நடக்கிறது?

நார்மன்காரர்கள் வருவதற்கு முன்பு ஆங்கிலேயர்கள் எதையும் நீடிக்க வைக்காமலா இருந்தார்கள்? அவர்களிடம் 'லாஸ்ட்' இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர்ச்சொல்லுக்குக் காலடித் தடம் என்று பொருள். வினையாக வரும்போது தடத்தைப் பின்பற்றுதல், சொன்ன சொல்லைக் காப்பாற்றுதல், தலைவனுக்கு உடனிருந்து பணி செய்தல். அதன் உறவுக்காரச் சொல் ஒன்று ஜெர்மனில் இன்னும் 'செய்து முடித்தல்' என்ற பொருளில் புழங்குகிறது. ஆங்கிலத்தில் மட்டும் நடந்தவன் மெல்ல விலகி, தடம் தானாகவே நீள ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு பேட்டரி 'லாஸ்ட்' ஆகிறது, பெயின்ட் 'லாஸ்ட்' ஆகிறது. யாரும் யார் பின்னாலும் நடக்க வேண்டியதில்லை.

(கடைசி என்ற பொருளில் வரும் 'லாஸ்ட்' வேறு சொல். 'லேட்' என்பதன் உச்சநிலை வடிவம். முடிவதற்கும் நீடிப்பதற்கும் ஒரே ஒலி அமைந்தது தற்செயல்தான். பள்ளியில் இது எனக்குக் கொடுத்த குழப்பம் கொஞ்சமல்ல.)

தடம் என்ற பழைய பொருளின் மிச்சம் ஒரே ஒரு பட்டறையில் இருக்கிறது. சப்பாத்து செய்கிறவர் தோலை இழுத்துப் பொருத்துவதற்கு வைத்திருக்கும் கால் வடிவ மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'லாஸ்ட்' என்றுதான் பெயர்.