கப்பம் கேட்கும் மென்பொருள்: அகற்றினால் கோப்புகள் திரும்புமா?

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பை ரான்சம்வெயார் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குப் பிரதி இருக்கவில்லை, அவை இழக்கப்பட்டன. கணினிப் பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ரான்சம்வெயார் நம் கோப்புகளைக் குறியாக்கம் செய்து பூட்டிவிட்டு, திறப்பைத் தருவதற்குக் கப்பம் கேட்கும். பற்றுச்சீட்டு, வேலை விண்ணப்பம் என்ற பெயரில் வரும் மின்னஞ்சல் இணைப்புகள், திருட்டு மென்பொருட்கள் ஆகியவை அது நுழையும் வழக்கமான வழிகள். இற்றைப்படுத்தாத கணினிக்குள் நாம் எதையும் அழுத்தாமலே வரலாம். 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் பரவிய வனாக்ரை அப்படித்தான் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

தொற்றியது தெரிந்தால் முதலில் இணையத்தையும் வலையமைப்பு வயரையும் துண்டியுங்கள். கப்பக் குறிப்பைப் படம் எடுத்து, இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பணம் கட்டினாலும் திறப்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பூட்டப்பட்ட கோப்புகளை வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து வைத்த பின், கணினியை முழுமையாக அழித்து விண்டோஸை மீள நிறுவுங்கள். சில வகைகளுக்கான திறப்புகள் 'நோ மோர் ரான்சம்' இணையத்தளத்தில் இலவசமாக உண்டு.

வைரஸை அகற்றுவதால் மட்டும் பூட்டு திறக்காது. ஆகவே வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியபடி இருந்தால் அதுவும் பூட்டப்படும்.